நான்கு கலங்கரை விளக்க உயரம்

காரைக்காலில் மலை கிடையாது. மேடு என்று சொல்லும்படியும் எதுவும் கிடையாது. அரசலாற்றுப் பாலத்தில் ஏறும்போது சைக்கிள்காரர்கள் இருக்கையை விட்டு எழுந்து நான்கு மிதி மிதிப்பார்கள். ஊரின் மொத்த ஏற்றமும் அதோடு முடிந்துவிடும். அந்த ஊரில் ஒருவர் மலையேற்றக் கழகம் தொடங்கினார். பதின்மூன்று ஆண்டுகள் அதற்குத் தலைவராகவும் இருந்தார். தேர்தல் முறையாகவே நடந்தது. வேட்பாளர் ஒருவரே.

அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் தலைவர். ஒல்லியான உருவம். வெள்ளைக் கேன்வாஸ் காலணி. கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியமும் விசிலும் ஒரே கயிற்றில் தொங்கும். நகராட்சியை இன்னும் பிரெஞ்சில் மேரி என்றே சொல்லும் பழைய கிறிஸ்தவக் குடும்பத்துக்காரர். ஓர் அரசு அலுவலகத்தில் வரைபடம் வரைபவராக முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாய்க்கால், மதகு, வடிகால் என்று வரைந்தார். வரைபடத்தில் தரையின் ஏற்ற இறக்கத்தைக் காட்ட வளைவு வளைவாகக் கோடு போடுவார்கள். அதற்கென்று ஒரு பழுப்பு மை உண்டு. வேலைக்குச் சேர்ந்த வாரம் அந்த மைப்புட்டியை அவரிடம் கொடுத்தார்களாம்.

"ரிட்டயர் ஆன அன்னிக்கு மூடியத் தொறக்காமலே திருப்பிக் குடுத்தேன் தம்பி" என்றார் என்னிடம். "ஒரு தடவகூடத் தேவப்படல. ஊருக்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒசர வித்தியாசம் பாத்தா ஒரு சாண்தான் வரும்."

மலையேற்றக் கழகம் ஏன் தொடங்கினீர்கள் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அது. அப்போது நான் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேரச் செய்தியாளராக இருந்தேன். படகு பறிமுதல், குடிநீர் மறியல், சாலை விபத்து ஆகியவற்றுக்கு நடுவில் வாசகருக்குக் கொஞ்சம் ஆறுதல் வேண்டும் என்று ஆசிரியர் சொல்வார். கழகம் எனக்கு மாதம் ஒரு செய்தி கொடுத்தது. அதற்காகத்தான் உறுப்பினராகச் சேர்ந்தேன்.

பயிற்சி ஞாயிறு காலைகளில் நடக்கும். பூசை முடிந்ததும் தலைவர் எங்களை அரசலாற்றுப் பாலத்துக்கு அழைத்துப்போவார். ஆளுக்கொரு பையில் ஐந்து கிலோ அரிசி. பாலத்தின் ஏற்றத்தில் பதினோரு முறை ஏறி இறங்க வேண்டும். பாலத்தின் உச்சியில் நின்று, "இங்க காத்து கொஞ்சம் லேசாத்தான் இருக்கும், மூச்ச இழுத்து விடுங்க" என்பார். கீழே கட்டுமரத்தில் வலை உதறுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் குனிந்துகொள்வார்கள். மழை நாளில் டியூஷன் சென்டரின் மாடிப்படி. இரண்டே மாடிதான். இருந்தாலும் முதல் மாடியில் கட்டாய ஓய்வு உண்டு. உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டுமாம்.

அவரிடம் கிலோமீட்டர் கிடையாது. மீட்டரும் கிடையாது. முப்பத்து மூன்று வருடம் அளவுகோலோடு இருந்தவர், வேலையை விட்டதும் அளவுகோலையும் விட்டுவிட்டார். எவ்வளவு தூரம் என்று கேட்டால், "வரிச்சிக்குடி ஸ்டாப்புல எறங்கி ஊருக்குள்ள போற தூரம்" என்பார். கொஞ்சம் கூடுதல் என்றால், "அம்பகரத்தூர்ல பஸ்ஸ விட்டு எறங்கி, கோயிலச் சுத்தி வந்து, மறுபடி பஸ் புடிக்கிற தூரம்." உயரத்துக்கு ஒரே அளவுதான்: கடற்கரையில் நிற்கும் கலங்கரை விளக்கம். இமயமலை எத்தனை கலங்கரை விளக்கம் என்று கணக்குப் போட்டு ஒரு கூட்டத்தில் வாசித்தார். கைதட்டினார்கள். அந்த எண் எனக்கு இப்போது நினைவில்லை. அன்று வந்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பது நினைவிருக்கிறது. பதினேழு.

ஆனால் கூட்டத்துக்கு ஆட்கள் வந்தது இமயமலைக்காக அல்ல. தலைவர் அருவியைச் சொல்வார். அதைக் கேட்கத்தான் வந்தார்கள்.

அருவி துறையூருக்கு அப்பால் ஒரு மலையில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்த தை மாதத்தில், கழகம் அங்கே ஒரு நாள் நடைப் பயணம் போகும். வேறு மலைக்குப் போனதில்லை. பயணம் முடிந்த அடுத்த ஞாயிறு பொதுக்குழு. அதில் தலைவர் எழுந்து, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொல்வார்:

"மொதல்ல சத்தம் வராதுங்க. குளிர்ச்சிதான் வரும். கழுத்துக்குப் பின்னால யாரோ ஈரத் துணிய ஒதறுன மாதிரி. அப்பறந்தான் சத்தம். ஏதோ கல்யாண வீட்டுல அரிசி களையிற மாதிரி ஆரம்பிச்சு, கிட்டக்கப் போகப் போக லாரியிலேந்து ஜல்லி கொட்டுற மாதிரி ஆயிடும். திரும்புனா நிக்கிது. நாலு லைட்ஹவுஸ் ஒசரம். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தா தண்ணி கீழ விழுறது தெரியாது. பாறைதான் மேல ஏறிப் போற மாதிரி இருக்கும்."

இந்த இடத்தில் நிறுத்துவார். மின்விசிறிச் சத்தம் கேட்கும். போன வாரம் அதே அருவியில் குளித்துவிட்டு வந்தவர்களே வாய் திறந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பயணம் எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விடியும் முன் வேன் புறப்படும். அம்பகரத்தூரைத் தாண்டினால் தமிழ்நாடு. அதன்பின் எங்கள் வண்டியின் பதிவெண்ணைப் பார்க்கிறவர்கள் முகத்தில் ஓர் ஒளி வந்துவிடும். எங்கள் ஊரில் மது விலை குறைவு. காரைக்கால் வண்டியென்றால் இருக்கைக்கு அடியில் என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. மலையடிவாரச் சோதனைச் சாவடியில் தலைவர் இறங்கி, கழகத்தின் முத்திரை குத்திய கடிதத்தைக் கொடுப்பார். இக்கழகத்தார் ஒருவரும் மது அருந்துபவர் அல்லர், கடத்துபவரும் அல்லர் என்று அதில் இருக்கும். ஒரு வருடம் காவலர் கடிதத்தைப் படித்தார், வேனைத் தேடினார், பைகளையெல்லாம் அமுக்கிப் பார்த்தார்.

"நெசமாவே ஒண்ணும் இல்லீங்களா சார்?" என்றார் கடைசியில்.

"லெமன் சாதம் இருக்கு."

"காரைக்கால்லேந்து வர்றீங்க" என்றார் அவர், ஏதோ குறைப்பட்டுக்கொள்பவர் போல. தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிட்டார்.

மலைக்கு மேல் சாலை முடிகிற கிராமத்திலிருந்து நடை. அந்த மலை உச்சி தட்டையானது. மரவள்ளிக்கிழங்குக் காடுகளின் நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்றரை மணி நேரம் ஏறாமல் இறங்காமல் போகும். தலைவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பார். எங்களில் யாரும் அவர் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. பாதையின் முடிவில் நான்கைந்து வீடுகள், ஒரு பலா மரம், ஓர் அம்மா நடத்தும் டீக்கடை. அங்கிருந்து தரை சரேலென்று கீழே இறங்கும். எதிர்ப்பக்கச் சரிவில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அதுதான் அருவி.

பலா மரத்தடியில் தலைவர் விசில் ஊதுவார். "மூட்டையெல்லாம் இங்க வெச்சிருங்க. கொரங்கு இருக்கு. ஒருத்தர் இருக்கணும்ல? நீங்க போயிட்டு வாங்க. எனக்கென்ன, பாக்காததா?"

போய் வருவோம். திரும்பி வந்ததும் டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்காரவைத்து, "எப்புடி இருந்துச்சு? மொதல்ல என்னா தெரிஞ்சுது?" என்று கேட்பார். கழகத்தின் அறிக்கைக்காகவாம். சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். பேட்டி எடுக்கிற தொழிலில் இருந்த நான் அவரளவு பொறுமையாக யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

நான்காம் வருடம் புதுச் செருப்பு கடித்து என் குதிகால் புண்ணாகிவிட்டது. நானும் பலா மரத்தடியில் தங்கிவிட்டேன். குரங்குகள் வந்தன. ஒரு குச்சியும் விசிலும் வைத்துக்கொண்டு தலைவர் அவற்றைச் சமாளித்த விதம் பார்க்கத் தகுந்தது. ஒரு குட்டி மட்டும் யாருடைய தொப்பியையோ எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கியது. தலைவர் துரத்திக்கொண்டு ஓடினார். தரை சரிகிற இடம்வரை ஓடி, அங்கே நின்றார். ஒரு காலைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் நொண்டிக்கொண்டு போய்த் தூக்கினேன்.

"ஒரு காலுக்குக் கீழ இருக்குற தரை இன்னொரு காலுக்கு இல்லன்னா எனக்கு ஆவாது தம்பி" என்றார். "மொத வருஷமே எறங்கிப் பாத்தேன். பத்தடி. அதோட சரி."

"அப்ப அருவி?"

"நல்லாருக்கும்னு சொல்றாங்க."

கையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, "இத எழுதுவீங்களா?" என்று கேட்டார்.

மலையேற்றக் கழகத் தலைவருக்கு மலை ஆகாது. எந்த ஆசிரியரும் கட்டம் கட்டிப் போடுவார். நான் எழுதவில்லை. இரக்கம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். எழுதினால் மாதம் ஒரு செய்தி போய்விடும்.

ஏழு வருடம் அது அப்படியே இருந்தது. பதினோராம் வருடம் கலா அக்கா முந்திக்கொண்டார்.

கலா அக்கா கருக்களாச்சேரிக்காரர். ஐஸ் பெட்டி வைத்த வண்டியில் தஞ்சாவூர்வரை மீன் அனுப்பும் வியாபாரம். சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி மருத்துவர் விரட்டியதால் கழகத்துக்கு வந்தவர். மூன்று வருடமாகக் கூட்டத்தில் ஒரே கோரிக்கையை எழுப்பி வந்தார்: "வருசா வருசம் இதே அருவியா? வேற மலையே இல்லியா நாட்டுல?" தலைவர் ஒவ்வொரு முறையும் அதைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டார். செயலாளர் அந்துவான் சார், ஓய்வு பெற்ற வங்கிக்காரர், ஒவ்வொரு முறையும் அதைக் குறிப்பேட்டில் எழுதினார்.

அந்த வருடம் வேன் நின்ற இடத்தில் தலைவர் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோது கலா அக்காவும் நானும் முன்னால் நடந்துவிட்டோம். டீக்கடை அம்மா எங்களைப் பார்த்ததும் அடுப்பை ஊதியபடியே கேட்டார்.

"மூட்டை சார் வரலீங்களா?"

"யாரு மூட்டை சாரு?" என்றார் கலா அக்கா.

"அதாங்க, உங்க வாட்ச்மேனு. நீங்கல்லாம் அருவிக்குப் போவீங்க, அவரு மூட்டையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாரே. பாவம், அவரையும் ஒரு வருசம் கூட்டிட்டுப் போய்க் காட்டக் கூடாதா? எத்தன வருசமா வந்துட்டுப் போறாரு."

கலா அக்கா என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியும்ல?"

"குதிகால் புண்ணா இருந்தப்ப…" என்று தொடங்கினேன்.

"பேப்பர்காரரு நல்லாத்தான் எழுதுறீங்க."

தலைவர் விசிலோடு வந்து சேர்ந்தார். இருபத்திரண்டு பேரும் கூடிவிட்டார்கள். மூட்டைகளை இறக்கச் சொல்லி அவர் வாயெடுக்கும் முன் கலா அக்கா பேசினார். கத்தவில்லை. ஏலத்தில் விலை கேட்கிற குரல்.

"தலைவரே, நீங்க அருவியப் பாத்திருக்கீங்களா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஞாயித்துக்கெழம பொதுக்குழு. இன்னிக்கு எங்ககூட வந்து அருவியத் தொட்டுட்டு வாங்க. ஆயுசுக்கும் நீங்கதான் தலைவரு, நானே முன்மொழியிறேன். இல்லன்னா நாக்காலிய விட்டுருங்க. நாங்க வேற மலைக்குப் போவோம்."

"அப்ப மூட்டை?" என்றார் அந்துவான் சார்.

"மூட்ட கெடக்குது."

தலைவர் சரிவின் விளிம்புவரை போனார். எதிரே வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

"இதோ இருக்கு" என்றார். "வரிச்சிக்குடி தூரந்தான். இருவது நிமிசம்."

இந்தத் தவறைச் சமவெளிக்காரர்களைத் தவிர யாரும் செய்ய முடியாது. எங்கள் ஊரில் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு நடந்து போய்விடலாம். கோபுரம் தெரிந்தால் வரப்பில் இறங்கி நேராக நடப்பார்கள், கோபுரம் பெரிதாகிக்கொண்டே வரும், வந்துவிடும். நடுவில் தரை இல்லாமல் போகும் என்பது யாருக்கும் தோன்றாது. எனக்கே முதல் வருடம் தோன்றவில்லை.

மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். கலா அக்கா, நடுவில் தலைவர், பின்னால் நான். முதல் திருப்பத்திலேயே தலைவர் நின்றுவிட்டார்.

"அருவி எங்க?"

"கீழ இருக்கு."

"இப்பத்தானே எதுத்தாப்ல இருந்துச்சு?"

"மல மறைக்குது தலைவரே. வாங்க."

"அது எப்புடி மறைக்கும்" என்றார் அவர், நியாயம் கேட்பவராக.

இரண்டாம் திருப்பத்தில் பாறையில் கையை ஊன்றிக்கொண்டார். மூன்றாம் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் பெரும்பாலும் உட்கார்ந்தபடியே இறங்கினார். வேரைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு. ஒவ்வொரு திருப்பத்திலும் தவறாமல் விசில் ஊதினார். கீழே போனவர்கள் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இரண்டு முறை திரும்பி ஏறி வந்தார்கள்.

"கீழ பாக்காதீங்க. எம் முதுகப் பாருங்க" என்றார் கலா அக்கா. "எங்க தொறையில போட்டுக்கும் கரைக்கும் நடுவுல ஒத்தப் பலகதான் போட்டிருப்பாங்க. தலையில கூடை இருக்கும். பலகையப் பாத்தா தண்ணிக்குள்ளதான்."

"பலகை சமமா இருக்கும்ல?"

"எங்க சமமா இருக்கு? ஆடும்."

"ஆடுனாலும் சமமா ஆடும்" என்றார் தலைவர் பிடிவாதமாக.

பாதி வழியில் ஒரு பெரிய பாறை. அதைச் சுற்றிக் கால் வைக்க ஒரு முழம் இடம்தான். அங்கே தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். கை உத்தரியத்தைத் தேடிப் போய் விசிலைப் பிடித்துக்கொண்டது. கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்திருந்தது. கலா அக்கா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏலக்குரல் போய்விட்டது.

"அய்யா, திரும்பிருவோம். நான் ஒண்ணும் சொல்லல. தொட்டுட்டு வந்தாருன்னு நானே சொல்லிர்றேன். இவரும் சொல்லுவாரு."

நான் தலையாட்டினேன். செய்தியாளனாக அது என் நல்ல நாள் அல்ல.

தலைவர் கண்ணைத் திறக்கவில்லை. "பதினோரு வருசத்துல நான் பாத்தேன்னு ஒரு தடவகூட மேடையில சொன்னதில்லம்மா. தம்பிகிட்ட குறிப்பு இருக்கும், பாக்கச் சொல்லுங்க. இப்ப வந்து சொல்லச் சொல்றீங்களா?"

வீட்டுக்கு வந்தபின் பார்த்தேன். பழைய குறிப்பேடுகள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். குளிர்ச்சி வரும், சத்தம் வரும், பாறை ஏறும். எங்கேயும் அவர் இல்லை. 'எனக்கென்ன, பாக்காததா' என்று பலா மரத்தடியில் சொன்னது மட்டும் உறுத்தியது. அது மேடை அல்ல என்று அவர் வாதிட்டிருப்பார்.

அந்த ஒரு முழ இடத்தைக் கடக்க அவர் எடுத்துக்கொண்டது கால் மணி நேரம். கலா அக்கா முந்தானையை அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். இருபது நிமிடத் தூரத்தை இரண்டு மணி நேரத்தில் நடந்து முடித்தோம்.

அருவி விழுந்துகொண்டிருந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலைவரைப் பார்த்ததும் கைதட்டினார்கள். அவர் காலணியோடு தண்ணீருக்குள் போனார். கையை நீட்டித் தொட்டார். அந்துவான் சார் கைபேசியில் படம் எடுத்தார். பிறகு தலைவர் ஒரு தட்டைப் பாறையைத் தேடி உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்தார். அவர் பக்கத்தில் நின்றிருந்த என் வேலை அவர் முகத்தைக் கவனிப்பது.

"கொஞ்சம் ஒல்லியா இருக்குல்ல?" என்றார்.

"தை மாசம். போன வருஷத்தவிட மழை கம்மி."

"ஒசரமும் நாலு தேறாது போலருக்கே. ரெண்டு வேணா சொல்லலாம்." பாறையைக் கைகாட்டி, "பாறை ஏறலியே தம்பி" என்றார்.

அவருக்காக நான் பார்த்தேன். தண்ணீரையே வெகுநேரம் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறைக்குக் கண்ணைத் திருப்பினேன். பாறை மெதுவாக மேலே ஏறியது. சொன்னேன். அவர் முயன்றார். ஆனால் நொடிக்கொரு முறை திரும்பிப் பின்னால் இருந்த சரிவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏற வேண்டுமே என்ற கவலை இருப்பவருக்குப் பாறை ஏறாது.

பலா மரத்தடிக்கு நாங்கள் திரும்பியபோது பிற்பகல் மூன்று. இருபத்திரண்டு பேருடைய லெமன் சாதமும் மரத்தடி முழுக்கச் சிதறிக் கிடந்தது. கலா அக்கா வறுத்துக் கொண்டுவந்திருந்த வஞ்சிரம் வைத்த டப்பாவை ஒரு பெரிய குரங்கு கிளையில் உட்கார்ந்து திறக்க முயன்றுகொண்டிருந்தது. அந்துவான் சாருடைய மனைவியின் கைப்பை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. டீக்கடை அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"நாந்தான் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். அதுக்காக மூட்டைய விட்டுட்டா போவீங்க?"

அந்தப் பசியோடு திருச்சிவரை வந்தோம். வேனில் யாரும் பாடவில்லை.

பொதுக்குழுவுக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். தலைவர் அருவியைத் தொட்ட படம் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றி, ஊருக்குள்ளும் போயிருந்தது. முதன்முறையாக அவர் பார்த்துவிட்டுப் பேசப் போகிறார். அவர் எழுந்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"அருவி இருக்கு" என்றார். "போற வழி கஷ்டமான வழி. எறங்குறப்ப ஜாக்கிரதையா எறங்கணும். தண்ணி விழுது. குளிக்கலாம். ஒசரம் சுமாரா ரெண்டு லைட்ஹவுஸ் இருக்கும். பாசி வழுக்குது, அதக் கவனத்துல வெச்சுக்கணும்."

நிறுத்தினார். அவ்வளவுதான். மின்விசிறிச் சத்தம் கேட்டது. பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். அந்துவான் சார் பேனாவை மூடவா வேண்டாமா என்று தெரியாமல் பிடித்திருந்தார். இவ்வளவு துல்லியமான ஓர் உரையை அந்த மேடையில் நான் கேட்டதில்லை. எழுத அதில் ஒரு வரிகூட இல்லை.

"தலைவரே" என்றார் கலா அக்கா. "பழைய மாதிரி சொல்லுங்க."

"அது சரியில்லம்மா. நாலு இல்ல, ரெண்டுதான்."

"ரெண்டோ நாலோ. அந்தப் பாறை ஏறுறது, அது நான் சொன்னது. மொத வருசம் வந்தப்ப டீ குடிச்சுக்கிட்டே உங்ககிட்ட நாந்தான் சொன்னேன். அதச் சொல்லுங்க, கேப்போம்."

"ஈரத் துணி எங்க வீட்டுல சொன்னது" என்றார் அந்துவான் சார்.

ஜல்லி லாரியைச் சொன்னது வரிச்சிக்குடிக்காரர் ஒருவர், கையைத் தூக்கினார். அரிசி களைகிற சத்தத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மொதல்ல சத்தம் வராது, குளிர்ச்சிதான் வரும் என்பது நான் சொன்னது. என் வாக்கியத்தைத்தான் ஆண்டுதோறும் கேட்டு, ஆண்டுதோறும் வியந்து, அவருடைய வாக்கியமாகக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டார், மறுபடி கழற்றினார். "மொதல்ல சத்தம் வராதுங்க" என்று தொடங்கினார். நாலு கலங்கரை விளக்கம் வந்த இடத்தில் கைதட்டல் எழுந்தது.

அன்று இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, தலைவர் ஆயுட்காலத் தலைவர். இரண்டு, இனிவரும் எல்லாப் பயணங்களிலும், எந்த மலையானாலும், தலைவர் மூட்டைகளுடன் இருப்பது கழகத்தின் பொதுநலன் கருதி அவசியம் என இக்கூட்டம் கருதுகிறது. இரண்டையும் முன்மொழிந்தவர் கலா அக்கா. எந்த மலையானாலும் என்ற சொற்களை அவர்தான் சேர்க்கச் சொன்னார். அடுத்த இரண்டு வருடமும் கழகம் வேறு மலைகளுக்குப் போனது. போய் வந்தவர்கள் சொல்லச் சொல்ல நோட்டு நிறைந்தது. அந்தப் பொதுக்குழு பற்றி நான் மூன்று அங்குலச் செய்தி அனுப்பியிருந்தேன். அதில் அருவியின் உயரத்தைக் குறிப்பிடவில்லை.

பிறகு அவருடைய மகள் அவரைப் பிரான்ஸுக்கு அழைத்துக்கொண்டாள். மருமகன் அங்கே குடியுரிமை உள்ளவர். ஆயுட்காலத் தலைவர் ஊரில் இல்லாவிட்டாலும் அவர் ஆயுள் உள்ளவரை புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க விதியில் இடமில்லை என்று அந்துவான் சார் சொன்னார். கழகம் அப்படியே நின்றுபோனது. நானும் அந்த நாளிதழை விட்டுவிட்டேன்.

போன குளிர்காலத்தில் வாட்ஸ்அப் குழுவில் வெகுநாளைக்குப் பின் ஒரு படம் வந்தது. பின்னால் பனி மூடிய பெரிய மலை. கம்பியில் தொங்கி மேலே போகும் கூண்டு வண்டி. முன்னால் ஒரு பெஞ்சில் தலைவர், தடித்த கோட்டும் கம்பளித் தொப்பியுமாக. அவரைச் சுற்றி ஆறு பைகள், இரண்டு குழந்தைகளின் காலணி, ஒரு சாப்பாட்டுக் கூடை. கையில் குச்சி. கழுத்தில் விசில். அங்கே குரங்கு இருக்காது என்று நினைக்கிறேன்.

எத்தனை லைட்ஹவுஸ் தலைவரே என்று முதலில் கேட்டது கலா அக்கா.

பதில் உடனே வந்தது. "எல்லாரும் மேல போயிருக்காங்க. எறங்கி வந்ததும் கேட்டுச் சொல்றேன்."